படிவத்தில் இல்லாத கட்டம்

காலை ஐந்தே முக்கால்.
தெலோக் பிளாங்கா கோப்பிக் கடையில்
தே ஓ கொசோங், பொட்டலம்.
கொதிப்பதைப் பையில் ஊற்றி
சிவப்புக் கயிற்றால் வாயைச் சுருக்கி
விரல் நுழைய ஒரு வளையம் விட்டு
நீட்டுவார் திருமதி கோ.
பதினோரு வருடமாக அந்த வளையத்தில்
என் சுட்டுவிரல்.

அப்பாவின் வேலை கடலைக் கூட்டுவது
என்று என் மகள் கட்டுரை எழுதினாள்.
'கடலையா? கடற்கரையையா?'
ஓரத்தில் ஆசிரியையின் சிவப்பு மை.
கடலைத்தான், டீச்சர்.
படகின் முன்வாயில் வலை,
பக்கத்துக்கு ஒருவராக நானும் சவேரியானும்
கொக்கிக் கழியோடு.
வடகிழக்குக் காற்றுக்கு ஒரு கரைக் குப்பை,
தென்மேற்குக் காற்றுக்கு மறுகரைக் குப்பை.
மீ கோரெங் உறைகள், எண்ணெய் கேன்,
ஒற்றைச் செருப்புகள் (ஏனோ இடது காலே அதிகம்).
போன வாரம் லாசரஸ் தீவுக்குப் பக்கத்தில்
ஒரு பொன்னி அரிசிப் பை
'குறைவில்லாத தரம்' என்று
பிழையில்லாத தமிழில் மிதந்து வந்தது.
வாசிக்க முடிந்ததில்
ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.
பிறகு கொக்கியால் இழுத்தேன்.

அள்ளியதை எரிப்பார்கள்.
சாம்பலைப் படகேற்றி
செமக்காவ் தீவுக்கு அனுப்புவார்கள்.
கடலில் எடுத்தது
கடல் நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும்.
சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லை என்பான் சவேரியான்.

அன்று செவ்வாய்.
குசு தீவைத் தாண்டும்போது ஒரு காற்று.
கம்பியில் மாட்டியிருந்த என் பை,
குடித்து முடித்தது,
பறந்தது.
பார்த்தேன்.
கழிக்கு எட்டவில்லை.
திருப்பு என்று ஹஸ்னியிடம் சொல்லியிருக்கலாம்.
ஒரு பைக்காகவா,
இத்தனை பெரிய படகை?
சொல்லவில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும்.
'ஓங்கில்! ஓங்கில்!'
சவேரியான் கத்தினான்.
எனக்கு அது டால்பின்.
மணப்பாட்டில் பிறந்தவனுக்கு
அதற்கு வேறு பெயர் கிடையாது.

தாய், வெளிறிய ரோஜா நிறம்.
குட்டி இன்னும் சாம்பல்.
எண்ணெய்க் கப்பல்கள் வரிசையில் நிற்கும் நீரில்
புஸ் என்று ஒரு மூச்சு,
பின்னாலேயே சின்னதாக இன்னொன்று.
குட்டியின் துடுப்பில் ஏதோ பளபளத்தது.
பை.
துடுப்பிலிருந்து வாலுக்கு மாற்றியது,
நழுவவிட்டது,
திரும்பி வந்து மூக்கில் ஏந்தியது.
விளையாட்டு.
எங்கள் புளோக்கின் கீழே பிள்ளைகள்
பந்தை விடாமல் தட்டுவார்களே, அதேதான்.
பிறகு வாயில் கவ்வியது.

கயிறு சிவப்பா?
நீலம் என்றான் சவேரியான்.
கயிறே இல்லை என்றார் ஹஸ்னி.
எனக்கு வெயில் கண்ணில்.

தாய் ஒருமுறை குட்டியை இடித்தது.
இரண்டும் மூழ்கின.
எழுந்தபோது பை இல்லை.
அடியில் போனதோ, உள்ளே போனதோ.
இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.
எங்களை நகரச் சொல்லி
ஒரு கப்பல் இரண்டு முறை ஊதியது.

மாலையில் படிவம்.
தேதி, இடம், வகை.
எடை: இருநூற்றுப் பதினான்கு கிலோ.
குறிப்பு: டால்பின் இரண்டு.
நாம் போட்டது என்றொரு கட்டம்
அதில் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
பை, ஒன்று.
எடை என்ன போடுவது?
நாலு கிராம் இருக்கும் என்றான் சவேரியான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
கூட்டுத்தொகையில் அது சேராது.
ஆனாலும் போட்டேன்.

மறுநாள் எவர்சில்வர் குவளை கொண்டுபோனேன்.
திருமதி கோ நிறைத்தார், மூடினார்,
பதினோரு வருடப் பழக்கத்தில்
குவளையை ஒரு பையில் இறக்கி
நீட்டினார்.
விரல் முந்திக்கொண்டு போய்விட்டது.

வேண்டாம் என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன்.
சிரித்தார்.
அதைக் கசக்கி
காலடித் தொட்டியில் போட்டுவிட்டு
அடுத்தவருக்கு
வளையம் முடியத் தொடங்கினார்.